மாசிப் பௌர்ணமியில் கிரகணம், அந்த வெள்ளியே சனிப்பெயர்ச்சி: எதற்கு எந்தப் பஞ்சாங்கம்?

மேஷக்காரி
16 பிப்ரவரி 2026, காலை 7.40

சிவராத்திரிக்குக் கண் விழித்த கையோடு எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மூன்றாம் கால பூஜை முடிந்து பிராகாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன். திருவாரூரிலிருந்து அம்மா போன் செய்தாள். “மார்ச் 6 சனிப்பெயர்ச்சி. உனக்கு ஏழரை ஆரம்பிக்குது. திருநள்ளாறுக்கு எப்ப வர்றே?” ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்த மாமியார் காதில் விழுந்துவிட்டது. “போன வருஷம் மார்ச் 29-ஆம் தேதியே சனி மீனத்துக்கு வந்தாச்சு. உங்க அம்மா இன்னும் கும்பத்துலயே நிக்கிறாங்களா?” என்றார். சம்பந்திகள் நேரில் பார்த்துக்கொண்டால் பேச்சில் தேன் ஒழுகும். சண்டை எல்லாம் என் வழியாகத்தான்.

வீட்டிலும் இதே கதை. சமையலறை ஆணியில் தொங்குகிற தினசரி காலண்டர் பழைய கணக்கான வாக்கியப் பஞ்சாங்கம், என் போனில் இருக்கும் ஆப் வானில் உள்ளபடி கணக்கிடும் திருக்கணிதப் பஞ்சாங்கம். எனக்கு அசுவினி நட்சத்திரம், மேஷ ராசி. இந்த ஒரு வருஷத்தில் வேலை மாறினேன், ஸ்கூட்டியில் விழுந்து கணுக்கால் பிசகியது, வாடகை வீட்டையும் காலி செய்தோம். மாமியார் கணக்கில் இது ஏழரைச் சனியின் வேலை. அம்மா கணக்கில் சனி இன்னும் வரவே இல்லை, இனிமேல்தான் இருக்கிறது. இரண்டில் எதை நம்பினால் எனக்கு லாபம்?

அப்புறம் மார்ச் 3 பௌர்ணமியில் சந்திர கிரகணம். மாசி மகம் 2-ஆம் தேதியா, 3-ஆம் தேதியா? காரடையான் நோன்பு எப்போது? கொஞ்சம் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் காட்டவேண்டும்.


பழைய_பஞ்சாங்கம்
16 பிப்ரவரி 2026, காலை 9.15

அம்மா, இரண்டு பேருமே அவரவர் பஞ்சாங்கத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். திருக்கணிதப்படி சனி மீனத்துக்கு வந்தது 2025 மார்ச் 29. வாக்கியப்படி வருவது இந்த மாசி 22, வெள்ளிக்கிழமை, மார்ச் 6. திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலில் வாக்கியம்தான் நடைமுறை. போன வருஷம் மார்ச்சில் ஜனங்கள் கிளம்ப ஆரம்பித்ததும், இங்கே பெயர்ச்சி 2026-ல்தான் என்று கோயில் தரப்பிலேயே அறிவிப்பு வந்தது. ஆக, திருநள்ளாறு போவதென்றால் உங்கள் அம்மா சொல்கிற தேதிதான் தேதி. அங்கே போய் ஆப்பைக் காட்டிப் பயனில்லை.

இது இந்த வருஷத்துக் குழப்பமும் இல்லை. மகரத்துக்குச் சனி வந்தது திருக்கணிதப்படி 2020 ஜனவரி 24, வாக்கியப்படி அதே வருஷம் டிசம்பர் 27. கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17, வாக்கியத்தில் டிசம்பர் 20. ஒவ்வொரு தடவையும் சுமார் 11 மாத இடைவெளி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மருமகள்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

வாக்கியம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. நிஜமாகவே அது வாக்கியங்கள்தான். சந்திரன் ஒவ்வொரு நாளும் எங்கே இருக்கும் என்பதை 248 சிறு வடமொழித் தொடர்களாகக் கட்டி மனப்பாடம் செய்து வைத்தார்கள். வரருசி செய்தது என்பது மரபு. முதல் வாக்கியம் ‘கீர்ந ச்ரேய:’. கேட்டால் ஏதோ ஸ்லோகம் போல இருக்கும். கடபயாதி முறையில் எழுத்துக்கு எண் போட்டு வலமிருந்து இடமாகப் படித்தால் 12 பாகை (டிகிரி) 3 கலை (பாகையில் அறுபதில் ஒன்று கலை). முதல் நாள் சந்திரன் நகரும் தூரம் அது. 248 நாள் ஆனதும் சுற்று கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். பேப்பர் வேண்டாம், பேனா வேண்டாம்.

1825-ல் ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். தரையில் சோழிகளை அடுக்கி, வாய்க்குள் வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே அந்த வருஷம் மே 31 – ஜூன் 1 இரவு வந்த சந்திர கிரகணத்தை அவர் கணக்குப் போட்டார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகியது, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தொலைநோக்கி இல்லாமல், எழுதக்கூட இல்லாமல் இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார் என்று நான் வியப்பேன். 52 நிமிடம் தப்பு என்று கணக்கு வாத்தியார் இப்போது வந்து சொல்வார், பாருங்கள்.


கணக்கு_வாத்தியார்
16 பிப்ரவரி 2026, காலை 10.02

வந்துவிட்டேன். 52 நிமிடம் தப்பு.

பெரியவர் மேல் மரியாதை உண்டு, அதனால் சோழிக்காரரை விட்டுவிடுகிறேன். சந்திரன் விஷயத்தில் வாக்கியம் பரவாயில்லை, நிமிடங்களில், மிஞ்சினால் மணிகளில் பிசகும். சனி விஷயத்தில் அப்படி இல்லை. சனி வருஷத்துக்குச் சுமார் 12 பாகை நகரும். மார்ச் 6 அன்று வாக்கியம் அதை மீனத்தின் வாசலில் நிறுத்துகிறது. திருக்கணிதப்படி அன்றைக்கு அது மீனத்துக்குள் 8 பாகை தாண்டியிருக்கும். நடுவில் நாலைந்து மாதம் பின்னோக்கிப் போனதையும் சேர்த்தால், அந்த 8 பாகைதான் உங்கள் 11 மாதம்.

நம்பாவிட்டால் கண்ணாலேயே பார்க்கலாம். மார்ச் 8 மாலை சூரியன் மறைந்து அரை மணிக்குள் மேற்கே, அடிவானத்தை ஒட்டிப் பளிச்சென்று சுக்கிரன் தெரியும். அதை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி, அதுதான் சனி. பைனாகுலர் இருந்தால் நல்லது. சுக்கிரன் அப்போது மீனத்தில் சுமார் 8 பாகையில் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் மட்டும் எப்படி வாசலில் இருப்பார்?

நம் ஊரிலேயே இதைச் சரிசெய்யப் பார்த்தவர் உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். வானில் உள்ளபடி கணக்கிட்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். பின்னால் 1952-ல் மேக்நாத் சாகா தலைமையில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது, 1955-ல் அறிக்கை வந்தது, 1957 முதல் அரசு தேசியப் பஞ்சாங்கம் வெளியிடுகிறது. இத்தனைக்குப் பிறகும் சனி மட்டும் 11 மாதம் லேட்டாக வருவாராம்.


நம்பாதவன்
16 பிப்ரவரி 2026, காலை 10.30

வானத்தில் கோடு போட்டு ‘இங்கிருந்து மீனம்’ என்று எங்கே எழுதியிருக்கிறது? அந்த வாசலை எங்கே வைப்பது என்பதையும் குழுதானே முடிவு செய்தது? வாக்கியம் தப்பு என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். திருக்கணிதம் சனியின் இடத்தைச் சரியாகச் சொல்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து மேஷக்காரியின் கணுக்காலுக்கு எப்படி வந்தீர்கள் என்பதுதான் எனக்குப் புரியாதது. மழை நாளில் ஸ்கூட்டி சறுக்கும், அவ்வளவுதான்.

பின்குறிப்பு: திருநள்ளாறு வானத்தில் சாட்டிலைட் மூன்று வினாடி நின்றுவிடும், விஞ்ஞானிகளே வியந்தார்கள் என்று ஒரு பார்வேர்டு இந்த மாதம் கட்டாயம் வரும். தயவுசெய்து இங்கே போடாதீர்கள்.


பழைய_பஞ்சாங்கம்
16 பிப்ரவரி 2026, காலை 11.05

சாட்டிலைட் கதை சுத்தப் பொய். எந்தச் செயற்கைக்கோளும் எங்கேயும் நிற்காது, நின்றால் கீழே விழும். நளன் கதையே போதும் அந்த ஊருக்கு. நாசா சான்றிதழ் எதற்கு?

கணக்கு வாத்தியாருக்கு ஒரு பதில். சனி விஷயத்தில் நீங்கள் சொன்ன 8 பாகையை நான் மறுக்கவில்லை. சில வாக்கியப் பஞ்சாங்கங்களே கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்து எடுத்துப் போடுகின்றன. கிரகணம் ஊரறியத் தெரியும், பிசகினால் மானம் போகும். சனி எந்த ராசி என்று யார் மொட்டை மாடி ஏறிப் பார்க்கிறார்கள்? அதனால் அது மட்டும் பழைய கணக்கிலேயே தங்கிவிட்டது. என் வழக்கம் இதுதான்: வானத்தில் நடப்பதற்குத் திருக்கணிதம், கோயிலில் நடப்பதற்கு அந்தக் கோயிலின் பஞ்சாங்கம். ஜாதகத்துக்கு, உங்கள் ஜாதகத்தை எந்தக் கணக்கில் எழுதினார்களோ அதே கணக்கு. வாக்கியத்தில் எழுதிய ஜாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு திருக்கணிதப் பெயர்ச்சியைப் பார்த்தால் அது ரெண்டுங்கெட்டான்.


கும்பகோணம்_பாத்திரக்கடை
16 பிப்ரவரி 2026, மதியம் 1.20

மாசி மகம் கேட்டிருந்தீர்களே. திருக்கணிதப்படி மக நட்சத்திரம் மார்ச் 2 காலை 7.50 வாக்கில் தொடங்கி 3-ஆம் தேதி காலை 7.30 வரை. ஆக, 2-ஆம் தேதி பகல் முழுக்க மகம், 3-ஆம் தேதி விடியும்போதும் மகம். பௌர்ணமி சேர்வது 3-ஆம் தேதிதான். எது கணக்கு என்பதை உங்கள் கோயிலில் எப்போது தீர்த்தவாரி என்று பார்த்து முடிவு செய்யுங்கள். சாமி குளத்துக்கு வரும் நேரம்தான் நமக்கு நேரம். மகாமகம் இல்லை இது. அது குரு சிம்மத்துக்கு வரும்போது, போன தடவை 2016, அடுத்தது 2028. குரு இப்போது மிதுனத்தில்.

எல்லோரும் மறந்துவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதே வளர்பிறையில் காமன் பண்டிகை. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் நடுவார்கள். கரும்பும் ஆமணக்குக் கொம்பும் வைத்து, வைக்கோல் சுற்றி, எருமுட்டை அடுக்கி, பௌர்ணமி இரவு மன்மதனைக் கொளுத்துவார்கள். வடக்கே ஹோலி என்று சாயம் பூசுவதும் இந்தக் கணக்குத்தான். இரவெல்லாம் லாவணி என்ற பாட்டு வாதம் நடக்கும். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று ஒரு கட்சி. சின்ன வயதில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். டேப் என்ற தோல் கருவியை அடித்துக்கொண்டு ஒருவர் ‘எரிந்தது சாம்பலாய்க் கிடக்கிறதே’ என்பார், மற்றவர் ‘எரிந்தவன் என்றால் ரதி எப்படித் தாலியோடு இருக்கிறாள்’ என்பார். இங்கே வாத்தியாரும் பெரியவரும் பேசுவதைப் படிக்கும்போது அந்த டேப் சத்தம்தான் காதில் கேட்கிறது. காலையில் இரண்டு கட்சியும் ஒரே டீக்கடையில் நிற்கும்.

இந்த வருஷம் கொளுத்துவது கிரகணம் விட்ட பிறகுதான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.


ஏழாம்_மாதம்
16 பிப்ரவரி 2026, மாலை 4.45

இந்த இழையைப் பார்த்துப் பயந்துபோய் எழுதுகிறேன். எனக்கு ஏழாம் மாதம். மார்ச் 3 செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் நாள். மதியம் 3.20-லிருந்து கிரகணம் என்கிறார்கள். அத்தை அன்றைக்கு வெளியே தலை காட்டக் கூடாது, சாப்பிடக் கூடாது, ஊசி கத்தி எதையும் தொடக் கூடாது என்கிறார். மதியத்திலிருந்து பட்டினி இருந்தால் எனக்குத் தலை சுற்றும். எப்படிச் சமாளிப்பது?


கணக்கு_வாத்தியார்
16 பிப்ரவரி 2026, மாலை 5.10

முதலில் நேரம். இந்திய நேரப்படி நிழல் விழத் தொடங்குவது 3.20. முழுதாக மறைவது 4.34 முதல் 5.33 வரை. விலகி முடிவது 6.47. ஆனால் அப்போதெல்லாம் சந்திரன் நம் ஊரில் அடிவானத்துக்குக் கீழே. சென்னையில் சந்திரன் உதிப்பதே 6.20-ஐ ஒட்டித்தான். ஆக, உங்களுக்குத் தெரியும் கிரகணம் மொத்தமாக அரை மணி நேரம்கூட இல்லை. கிழக்கே எழும்பும்போது மேலே, இடப்பக்க ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கடித்தாற்போல இருட்டாக இருக்கும். கடற்கரையில் மூட்டம் இருந்தால் அதுவும் தெரியாது.


பழைய_பஞ்சாங்கம்
16 பிப்ரவரி 2026, மாலை 5.40

இதற்கு சாஸ்திரத்தில் கிரஸ்தோதயம் என்று பெயர், பிடிபட்டபடியே உதிப்பது. ஸ்நானம், தர்ப்பணம் எல்லாம் நம் ஊரில் கண்ணுக்குத் தெரியும் நேரத்துக்குத்தான். உபவாச விதியிலும் குழந்தை, முதியவர், நோயாளி, கர்ப்பிணி இவர்களுக்கு விலக்கு உண்டு. விதி சொன்னவர்களே விலக்கும் சொல்லியிருக்கிறார்கள் என்று உங்கள் அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பஞ்சாங்கம் படிக்கிற கிழவன் சொன்னான் என்றால் கேட்பார்.

இன்னொன்று. நாளை 17-ஆம் தேதி அமாவாசையிலும் கங்கண சூரிய கிரகணம் இருக்கிறது. அது அண்டார்டிகா பக்கம். இந்தியாவில் தெரியாது, நமக்குச் சம்பந்தமில்லை. அமாவாசைத் தர்ப்பணம் எப்போதும் போல.


வார்டு_அக்கா
16 பிப்ரவரி 2026, இரவு 9.30

இப்போதுதான் டியூட்டி முடிந்தது. ஏழாம்_மாதம், நான் பிரசவ வார்டில் 20 வருஷமாக நர்ஸ். கிரகணம் பட்டால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்றுதான் பயமுறுத்துவார்கள், உதட்டுப் பிளவுக்கும் கிரகணத்துக்கும் சம்பந்தம் கிடையாது. போன செப்டம்பர் 7 ஞாயிறு இரவு பெரிய கிரகணம், 11 மணியிலிருந்து 12.23 வரை சந்திரன் முழுக்கச் சிவந்து கிடந்தது. எங்கள் வார்டில் ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடச் சொன்னார்கள். மூடினோம். உள்ளே இரண்டு குழந்தை பிறந்தது. இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஒன்றின் அம்மா சுக்குக் காபி கேட்டாள், அவள் மாமியார் நேரம் முடியட்டும் என்றார். நானே போய் வாங்கி வந்து கொடுத்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தண்ணீர் குடி. மாத்திரையை விடாதே. அத்தை மனசுக்காக அந்த அரை மணி நேரம் வீட்டுக்குள் இருந்துகொள், வெளியே போய் என்ன செய்யப்போகிறாய்? ஆபீஸிலிருந்து கிளம்புவதை மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொண்டால் வீட்டில் அமைதி.


தேக்கா_வாசி
17 பிப்ரவரி 2026, காலை 8.05

சிங்கப்பூரிலிருந்து. ஒவ்வொரு தடவையும் இதே தொல்லை. ஊரிலிருந்து அனுப்பும் காலண்டரைச் சுவரில் மாட்டிவிட்டு அந்த நேரத்தையே இங்கே பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே இரண்டரை மணி நேரம் கூட்டவேண்டும். மகம் முடிவது இங்கே 3-ஆம் தேதி காலை 10 மணிக்கு.

கிரகணம் மட்டும் கூட்டினால் போதாது, காட்சியே வேறு. இங்கே சந்திரன் 7.20 போல எழும்பும்போதே முழுதாக மறைந்திருக்கும். 8.03 வரை செம்பு நிறம், முழுக்க விலக 9.17 ஆகும். சென்னையில் அரை மணி, எங்களுக்கு இரண்டு மணி நேரம். புளோக் நடைபாதையில் நின்றால் கிழக்கு தெரிகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பங்குனி உத்திரம் ஏப்ரல் 1 புதன்தானே? ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் காவடி எடுக்க அண்ணன் பதிவு செய்யவேண்டும், அதனால் கேட்கிறேன்.


பழைய_பஞ்சாங்கம்
17 பிப்ரவரி 2026, காலை 9.00

ஆமாம், பங்குனி 18, ஏப்ரல் 1. பௌர்ணமி மறுநாள் காலை வரை நீள்கிறது. கோயிலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.


கொக்குவில்_மழை
17 பிப்ரவரி 2026, காலை 11.25

யாழ்ப்பாணத்திலும் இந்தப் பிரச்சினை தாராளமாக இருக்குது. எங்கட ஊர் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கத்துக்குப் பேர்போனது. திருக்கணிதம் பார்க்கிற வீடுகளும் பக்கத்திலேயே இருக்குது. சித்திரை வருஷப் பிறப்புக்கு இரண்டு பஞ்சாங்கமும் இரண்டு புண்ணியகாலம் சொல்லும். பேப்பரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவினம். அம்மம்மா வாக்கிய நேரத்துக்குத் தலையில் மருத்துநீர் (மூலிகைத் தண்ணி) வைப்பா. ஐயா திருக்கணித நேரத்துக்கு இன்னொருக்கால் குளிப்பார். பிள்ளைகள் எங்களுக்கு இரண்டு கைவிசேஷம் (பெரியாக்கள் தாற வருஷக் காசு) கிடைச்சது. நாங்கள் முறைப்பாடு ஒன்றும் செய்யேல்லை.


ஜாதகக்கட்டு
17 பிப்ரவரி 2026, மாலை 6.15

பலன் யாரும் சொல்லவில்லையே. தொழில்முறை ஜோதிடர் இல்லை நான், முப்பது வருஷமாகக் கட்டம் பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான். நம்பாதவன் மன்னிக்கவும்.

இந்த மாசி வளர்பிறையில் கூட்டமெல்லாம் கும்பத்தில். சூரியனும் ராகுவும் ஏற்கெனவே அங்கே. பிப்ரவரி 23-க்கு மேல் செவ்வாயும் வந்து சேருகிறார். புதன் 26 முதல் மார்ச் 20 வரை வக்கிரம் (பின்னோக்கிய நகர்வு), அதுவும் அங்கேயே. எதிரே சிம்மத்தில் கேது. பௌர்ணமியன்று சந்திரன் அந்தக் கேதுவுக்குப் பக்கத்தில் வருவதால்தான் கிரகணமே. நல்லது என்றால் இரண்டு: மார்ச் 2 வாக்கில் சுக்கிரன் மீனத்தில் உச்சமாகிறார், மிதுனத்தில் வக்கிரமாக இருக்கும் குரு மார்ச் 11-ல் நேர்கதிக்குத் திரும்புகிறார். கல்யாணப் பேச்சு, வீடு வாங்கும் பேச்சு இழுத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பிறகு பேசுங்கள். புதன் வக்கிரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பத்திரத்தை இரண்டு தடவை படியுங்கள். வக்கிரம் இல்லாவிட்டாலும் படியுங்கள்.

கிரகணம் பிடிப்பது பூர நட்சத்திரத்தில். வழக்கமாகச் சாந்தி சொல்வது பூரம், பரணி, பூராடம், அக்கம்பக்கத்து மகம், உத்திரம். மகர ராசிக்கு அன்று சந்திராஷ்டமம், வாயைக் கட்டினால் போதும்.

சனிக்கு வருகிறேன். மீனத்துச் சனியில் மகரத்துக்கு ஏழரை முடிகிறது, கும்பத்துக்குப் பாதச் சனி, மீனத்துக்கு ஜென்மச் சனி, மேஷத்துக்கு விரயம் தொடக்கம். சிம்மத்துக்கு அஷ்டமம் (எட்டாமிடம்), கன்னிக்குக் கண்டகம் (ஏழாமிடம்), தனுசுக்கு அர்த்தாஷ்டமம் (நான்காமிடம்). அஷ்டமம் முடிகிற கடகக்காரர்கள் மூச்சு விடலாம். ரிஷபம், துலாம், மகரம் மூவருக்கும் சனி நல்ல இடத்தில். மற்றவர்களுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மேஷக்காரி அம்மா, விரயச் சனி என்றதும் கையில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். செலவு வரும், அதை நீங்களே தேர்ந்தெடுத்துச் செய்தால் சுபவிரயம். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்ததைக்கூட அதில் சேர்க்கலாம்.


நம்பாதவன்
17 பிப்ரவரி 2026, இரவு 8.00

அதாவது செலவு வந்தால் சனி, நாமே செலவழித்தாலும் சனி. தோற்கவே முடியாத ஆட்டம்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 20 அன்று வீட்டம்மாவையும் அவர் அக்காவையும் திருநள்ளாறுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனவன் நான்தான். வண்டியை எங்கோ தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற கூட்டம். துணியைக் குளத்தில் விடாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஜனங்கள் விட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குத் தெரிந்து அன்றைக்கு நடந்த ஒரே பரிகாரம், தூய்மைப் பணியாளர்கள் அந்த ஈரத் துணியை வாரியதுதான். எள் சாதம் நன்றாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன்.

போகிறவர்கள் பெயர்ச்சி நேரத்துக்குப் போய் நெரிசலில் நிற்காதீர்கள். ஒரு மாதம் கழித்துச் சாதாரண சனிக்கிழமை போனாலே போதும் என்று அங்கே உள்ளவர்களே சொன்னார்கள். வாக்கியமோ திருக்கணிதமோ, அதற்குள் சனி மீனத்தில்தான் இருப்பார், இரண்டு கட்சிக்கும் சந்தோஷம்.


மாம்பலம்_அடை
18 பிப்ரவரி 2026, காலை 6.50

காரடையான் நோன்பைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. ஆண்கள் பேச ஆரம்பித்தால் சனியைத் தாண்ட மாட்டார்கள்.

மாசியும் பங்குனியும் சேருகிற நேரத்தில் சரடு கட்டவேண்டும். இந்த வருஷம் மாசிக் கடைசி மார்ச் 14 சனிக்கிழமை. திருக்கணிதப்படி சூரியன் மீனத்துக்குப் போவது அன்று நள்ளிரவு தாண்டி, 1 மணிக்கு மேல். போன வருஷம் மாலை 7 மணி, சௌகரியமாக இருந்தது. இந்த வருஷம் நடுராத்திரி வரை யாரும் காத்திருக்க வேண்டாம். மாசி இருக்கும்போதே கட்டிக்கொள்ளலாம், மாசிக் கயிறு பாசி படியும் என்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றியதும் கட்டிக்கொண்டு சாப்பிடலாம் என்று எங்கள் வீட்டு சாஸ்திரிகள் சொல்லியாயிற்று.

மேஷக்காரி, நீ முதல் தடவை செய்வதானால் ஒன்று கவனி. பச்சரிசியைக் களைந்து நிழலில் உலர்த்தி இடித்த மாவை நன்றாக வறுக்கவேண்டும். கோலம் போட எடுத்தால் இழை அறாமல் விழவேண்டும், அதுதான் பதம். வறுபடாவிட்டால் அடை பிசுபிசுவென்று வாழையிலையில் ஒட்டிக்கொள்ளும். காராமணியை முதல் நாளே ஊறப்போடாதே, குழைந்துவிடும். வறுத்து வேகவைத்தால் முழுசாக நிற்கும். வெல்ல அடையில் தேங்காயைப் பல்லாகக் கீறிப் போடு, துருவாதே. வெண்ணெய் மட்டும் உருகாமல் இருக்கவேண்டும். மார்ச் வெயிலில் அதுதான் கஷ்டம், கடைசி நிமிடம் வரை பிரிட்ஜில் வை. எங்கள் பாட்டி பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்கவிடுவாள்.

அடுத்த வாரமே மார்ச் 19 வியாழன் யுகாதி, தெலுங்குக்காரர்களுக்குப் பராபவ வருஷம் அன்றே பிறந்துவிடும், நமக்கு ஏப்ரல் 14-ல்தான். அமாவாசைத் தர்ப்பணம் 18 புதன். அதற்கு அடுத்து ராமநவமி, உத்திரம், மயிலாப்பூரில் அறுபத்துமூவர். பங்குனி முழுக்க அடுப்பு அணையாது.


மேஷக்காரி
19 பிப்ரவரி 2026, இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இந்த இழையை இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் போனில், மாமியாருக்கு நேரில். சோழி அடுக்கிய கதையை அம்மா இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். 8 பாகைக் கணக்கை மாமியார் ஒரு துண்டுத் தாளில் எழுதி காலண்டர் ஆணியிலேயே குத்தி வைத்திருக்கிறார், வாக்கியக் காலண்டரின் மேல்.

என் ஜாதக நோட்டை எடுத்துப் பார்த்தேன். பெரியவர் சொன்னது சரிதான், முதல் பக்கத்திலேயே ‘வாக்கியப்படி கணிக்கப்பட்டது’ என்று மஞ்சள் தடவிய இடத்தில் எழுதியிருக்கிறது. அப்படியானால் ஸ்கூட்டியில் விழுந்தது சனிக்குச் சம்பந்தமே இல்லாமல். மாமியாரிடம் சொன்னதும் “அப்ப இனிமேதான் இருக்கு” என்றார். அம்மா சொன்ன அதே வார்த்தை. முதல் தடவையாக இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

மார்ச் 3 சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வருகிறேன் என்று மாமியாரே சொல்லியிருக்கிறார், அந்த மேல் இடது ஓரத்தைப் பார்க்க. பார்த்துவிட்டு வந்து தலைக்குக் குளிப்பாராம். 14-ஆம் தேதி அடை என் பொறுப்பு.

ஆனால் சிக்கல் வேறு விதமாக வந்திருக்கிறது. நம்பாதவன் சொன்னபடி ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை போகலாம் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். இன்று சாயங்காலம் மாமியார் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டே, “எனக்குத் தனுசு. அர்த்தாஷ்டமம்னு அந்த மனுஷர் எழுதியிருக்காரே. போன வருஷம் அங்க பெயர்ச்சியே இல்லைன்னு நாம போகலை. உங்க அம்மா சொன்ன 6-ஆம் தேதிக்கே போயிடலாமே, எனக்கும் சேர்த்து டிக்கெட் போடு” என்றார்.

காரைக்கால் எக்ஸ்பிரஸில் 5-ஆம் தேதிக்கு இப்போதே வெயிட்டிங் லிஸ்ட். இரண்டு லோயர் பெர்த் வேண்டும். தட்காலில் கிடைக்குமா, பஸ்தான் கதியா? யாராவது சொல்லுங்கள்.